விவாதத்தில் முதலில் பேசுவது நல்லதா, கடைசியில் பேசுவது நல்லதா?

கேள்வியைப் பார்த்தால் கல்லூரிப் பேச்சுப் போட்டிக்குத் தயாராகிறீர்கள் போலிருக்கிறது. நான் மேடை ஏறியவன் இல்லை. பாம்பன் பக்கம் நாட்டுப்படகுக்காரன், சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுப்பவன். ஆனால் இதில் எனக்கும் ஒரு கதை உண்டு.

ஒரு விசைப்படகு எங்கள் நண்டு வலைகளைத் தன் இழுவைமடியில் அள்ளிக்கொண்டு போய்விட்டது. எங்கள் பக்கம் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குப் போகும் நாட்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து ஊர்க்கூட்டம். படகு முதலாளி முதலில் எழுந்தார். "திங்கள், புதன், சனி எங்க நாள். எங்க நாள்ல நாங்க போனோம். ராத்திரியே வலையைப் போட்டுட்டு வந்தது யாரு குத்தம்?" பாதிக் கூட்டம் தலையாட்டியது. எங்கள் முறை வருவதற்குள் ஒரு துக்கச் செய்தி வர, கூட்டம் கலைந்தது. மிச்சத்தை அடுத்த ஞாயிறு பேசி அன்றைக்கே முடிவு என்றார்கள்.

சித்தப்பாவுக்கு ஆத்திரம். "ஒரு வாரம் அவன் பேச்சுதான்டா ஊர்க்காதுல ஓடும்."

"ஓடட்டும் சித்தப்பா. நமக்குத்தான் நல்லது" என்றேன்.

வீறாப்புக்குச் சொல்லவில்லை. 1959-ல் மில்லர், கேம்ப்பெல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு நஷ்டஈட்டு வழக்கின் இருதரப்பு வாதங்களையும் வைத்துச் சோதித்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்து ஒரு வாரம் கழித்துக் கருத்துக் கேட்டால், சோதனையில் கலந்துகொண்டவர்கள் முதலில் வந்த தரப்பு பக்கம் சாய்ந்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் விட்டு, கடைசி வாதம் முடிந்த கையோடு கேட்டால், பின்னால் வந்த தரப்புக்குச் சாதகம். எங்களுக்கு வாய்த்தது இந்த இரண்டாவது.

சித்தப்பாவைப் பேசவிட்டால் 1974-ல் கச்சத்தீவைக் கொடுத்ததில் ஆரம்பிப்பார், டீசல் விலைக்கு வருவார், வலைக்கு வருவதற்குள் ஆட்கள் டீ குடிக்கப் போயிருப்பார்கள். அதனால் அடுத்த ஞாயிறு வாயே திறக்காமல், மிஞ்சிய வலைத்துண்டுகளைக் கட்டிக்கொண்டு வந்த சாக்கை அவிழ்த்துக் கொட்டினோம். அறுந்த கண்ணிகளில் பாசி காய்ந்து ஒட்டியிருந்தது, ஒரு நண்டுக்கால் இன்னும் சிக்கிக் கிடந்தது, நாற்றம் வேறு. பிறகு ஜிபிஎஸ்ஸில் குறித்த இடத்தைக் காட்டினேன். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக்கூடாது என்பது 1983-ஆம் வருடச் சட்டத்தில் வந்த விதி. "எந்தக் கிழமைன்னு நாங்க கேக்கல. எந்த இடம்னு கேக்குறோம்." நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி அன்றைக்கே முடிவானது.

நியாயம் உங்கள் பக்கம் இருந்தது, எப்போது பேசினாலும் ஜெயித்திருப்பீர்கள் என்று யாராவது வருவீர்கள். நியாயம் இருந்தும் தோற்ற கூட்டங்கள் எங்களுக்கு எத்தனையோ. விசைப்படகுக்காரர்களுக்கு எதிரி என்றும் முத்திரை குத்த வேண்டாம், என் மச்சானே விசைப்படகில்தான் போகிறான்.

முன்பு ஒரு பதிலுக்குக் கீழே, மீன்பிடிக்கிறவனுக்கு உளவியல் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்த மாதிரி ஆட்கள்தான் பாம்பன் பாலத்தின் நடுவே காரை நிறுத்தி ரயில் பாலத்தைப் படம் எடுப்பவர்கள். பின்னால் நண்டு ஏற்றிய வண்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருக்கும், ஹாரன் அடித்தால் நம்மை முறைப்பார்கள்.

சரி, உங்கள் போட்டி. இரண்டு பேரும் அடுத்தடுத்துப் பேசி, உடனே மதிப்பெண் போடுகிறார்கள் என்றால், அந்த ஆய்வுப்படி முன்னே பின்னே என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. சீட்டில் விழுந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு சொல்ல ஒரு வாரம் ஆகும் என்றால் மட்டும் முதல் ஆளாகப் பேசக் கேட்டு வாங்குங்கள்.