சட்டப்படி போனவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத் தமிழர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நிறைய விஷயங்கள் எனக்குப் புதியவை. ஆனால் கட்டுரையின் கடைசியில் இன்றைய அமெரிக்க விசா கெடுபிடிகளையும் அதோடு சேர்த்து எழுதியிருந்தீர்கள். அது சரியாகப் படவில்லை.

என் அண்ணன் 2011இல் குடும்பத்தோடு டல்லாஸ் போனார். அண்ணன் மகளுக்கு அப்போது நாலு வயது, இப்போது பத்தொன்பது. கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. போன வருடம் அப்பா தவறியபோது அண்ணனால் வர முடியவில்லை. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதி ஆகியிருந்தது. ஊருக்கு வந்தால் சென்னையில் மறுபடி ஸ்டாம்பிங் செய்ய எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாது, வேலை நிலைக்காது என்று அலுவலகத்தில் எச்சரித்தார்களாம். மூத்தவர் இருக்க நான்தான் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தேன். வருத்தம் உண்டு, கோபம் இல்லை. யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்ய ஒரு நாட்டுக்கு உரிமை இருக்கிறது. அண்ணன் முறைப்படி வரிசையில் நிற்கிறார், ஒருநாள் முறை வரும். திருட்டுத்தனமாகப் போனவர்கள்தான் பயப்பட வேண்டும். சட்டப்படி போனவர்களுக்கு என்ன பயம்? எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதலாமா?

(பெயர் வேண்டாம்)
அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். அண்ணன் அன்று அங்கே தனியாக எப்படி இருந்திருப்பார் என்று உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நாட்டுக்குத் தன் எல்லையில் யாரை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். அதில் நமக்குள் சண்டை இல்லை. “சட்டப்படி போனவர்களுக்கு என்ன பயம்” என்ற வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. குடியேற்றக் கட்டுப்பாடுகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான்: அந்தச் சட்டங்களால் அதிகம் அடிபட்டவர்களில் பெரும்பகுதி, சட்டப்படி போனவர்கள். அவர்கள் எதையும் மீறவில்லை. அவர்கள் போய், வேலை செய்து, பிள்ளை பெற்று, வீடு கட்டிய பிறகு சட்டம் மாறியது.

நம் மாவட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் இருந்ததைவிட 1881இல் இங்கே ஜனத்தொகை குறைந்துபோனது. அதற்கு முன்னாலும் பின்னாலும் கங்காணிகளும் ஏஜென்டுகளும் தோட்டக் கூலி வேலைக்கு ஆள் பிடிக்க வந்த ஊர்களில் ராசிபுரம், நாமக்கல், ஆத்தூர்ப் பக்கமும் உண்டு. ஒரு கூட்டம் இலங்கைக்குப் போனது. இன்னொரு கூட்டம் சென்னையில் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. 1860இல் முதல் கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது. ஐந்து வருட ஒப்பந்தம், அரசாங்கமே பதிவு செய்தது. ஒப்பந்தம் முடிந்தால் அங்கேயே குடியிருக்கலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். இதைவிடச் சட்டப்படி எப்படிப் போவது?

பலர் அங்கேயே தங்கினார்கள். காய்கறி போட்டார்கள், கடை வைத்தார்கள். வெள்ளைக்கார வியாபாரிகளுக்கு அது பொறுக்கவில்லை. 1895இல் ஒரு சட்டம் வந்தது. இனி ஒப்பந்தம் எழுதுகிறவர் அது முடிந்தபின் ஊர் திரும்பாமலும், மறு ஒப்பந்தம் எழுதாமலும் தங்கினால் வருடத்துக்கு 3 பவுண்டு வரி. முதல் வருடத் தொழிலாளியின் மாதக் கூலி 10 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். அரை வருடக் கூலி வரிக்கே போய்விடும். பிறகு பதினாறு வயதுப் பையனுக்கும் பதிமூன்று வயதுப் பெண்ணுக்கும் தனித்தனியாக அந்த வரியை விதித்தார்கள். பிள்ளைகள் வளர வளர ஒரு குடும்பம் கடனாளி ஆனது. யாரையும் கப்பலில் ஏற்றித் துரத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 1913இல் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்து, அடிபட்டு, சிறை போன பிறகு 1914இல்தான் அந்த வரி நீங்கியது. அதே 1913இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின் முறைப்படி நடந்த கல்யாணங்கள் செல்லாது என்றது. ஊரிலிருந்து வரும் பெண்டாட்டியை மனைவி என்று சொல்லி இறக்க முடியாத நிலை. பெண்கள் அந்தப் போராட்டத்தில் இறங்கியதற்கு அதுதான் பெரிய காரணம்.

இப்போது உங்கள் அண்ணன் இருக்கும் நாட்டுக்கு வருகிறேன். 1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதைத் தடை செய்தது. ஏற்கெனவே அங்கே இருந்தவர்களுக்கு ஒரு சலுகை: ஊருக்குப் போகுமுன் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டால் திரும்பி வரலாம். சே சான் பிங் என்ற தொழிலாளி 1875 முதல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்தவர். 1887இல் அந்தச் சான்றிதழை வாங்கிக்கொண்டு சீனா போனார். அடுத்த வருடம் செப்டம்பரில் ஹாங்காங்கில் கப்பலேறித் திரும்பினார். கப்பல் நடுக்கடலில் இருந்தபோது, அக்டோபர் 1ஆம் தேதி, அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாது என்று புதுச் சட்டம் வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்துக் கப்பல் துறைமுகத்துக்கு வந்தது, அவரை இறங்க விடவில்லை. அவரைப் போல ஏறத்தாழ 20,000 பேரின் சான்றிதழ்கள் ஒரே நாளில் வெறும் தாள் ஆயின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1889இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது: குடியேற்ற விஷயத்தில் அரசு தான் கொடுத்த வாக்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அந்த நாட்டின் குடியேற்றச் சட்டத்துக்கு அடிப்படையாக இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது.

2025 செப்டம்பர் 19 உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை. எச்-1பி வேலை விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம், ஞாயிறு முதல் அமல் என்று அறிவித்தார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தவர்களை உடனே திரும்பச் சொல்லி அலுவலகங்களிலிருந்து மின்னஞ்சல்கள் பறந்தன. கல்யாணத்துக்கு வந்தவர்கள் பாதியில் விமான நிலையத்துக்கு ஓடினார்கள். புது விண்ணப்பங்களுக்கு மட்டும்தான் என்று மறுநாள் விளக்கம் வந்தது. அந்த ஒரு நாள் ஓடியவர்கள் அத்தனை பேரும் சட்டப்படி போனவர்கள்.

வைஷ்ணோ தாஸ் பகாய் பற்றியும் சொல்ல வேண்டும். 1915இல் மனைவி, மூன்று மகன்களோடு அன்றைய இந்தியாவின் பெஷாவரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போனவர். கடை வைத்தார், 1921இல் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். 1923இல் பகத் சிங் திந்த் என்ற இந்தியரின் வழக்கில் இந்தியர்கள் ‘வெள்ளையர்’ அல்ல, ஆகவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏற்கெனவே கொடுத்ததையும் தேடித் தேடிப் பறித்தார்கள். பகாய் குடியுரிமையை இழந்தார். குடியுரிமைக்குத் தகுதியில்லாத வெளிநாட்டவர் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற கலிபோர்னியச் சட்டம் அவரைச் சுற்றி வளைத்தது. சொந்த ஊரைப் பார்க்க அமெரிக்க பாஸ்போர்ட் கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1928இல் தற்கொலை செய்துகொண்டார். வரிசையில் நின்றவர் அல்ல அவர், வரிசை முடிந்து குடியுரிமையே பெற்றவர்.

வரிசை என்றதும் உங்கள் அண்ணன் நிற்கும் வரிசையைக் கொஞ்சம் பார்க்கலாம். 1917, 1924 சட்டங்கள் ஆசியர்களுக்கு ஏறத்தாழக் கதவையே அடைத்தன. 1946இல் இந்தியாவுக்கு வருடத்துக்கு 100 பேர் என்று திறந்தார்கள். 1965 சட்டம் இனவாரி ஒதுக்கீட்டை நீக்கியது. உண்மையிலேயே பெரிய மாற்றம் அது, அதைக் கொண்டுவந்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் பிறந்த நாட்டை வைத்து எண்ணும் பழக்கம் போகவில்லை. 1990 சட்டப்படி வேலை வழிக் கிரீன் கார்டுகள் வருடத்துக்குச் சுமார் 1,40,000; மனைவி மக்களும் இதற்குள் அடக்கம். பொதுவாக எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. 140 கோடிப் பேர் இருக்கும் நாட்டுக்கும் சில லட்சம் பேர் இருக்கும் நாட்டுக்கும் அதே வரம்பு. ஒரே அலுவலகத்தில், ஒரே வேலையில், ஒரே நாளில் விண்ணப்பித்த இன்னொரு நாட்டுக்காரருக்கு சில வருடத்தில் கிடைப்பது உங்கள் அண்ணனுக்குப் பத்து வருடத்துக்கு மேலாகியும் கிடைக்காததற்குக் காரணம், அவர் சேலத்தில் பிறந்தது. இதைப் பொறுமையாக நிற்க வேண்டிய வரிசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கதவை இறுக்கினால் உள்ளே இருப்பவர்களும் வெளியே வர அஞ்சுவார்கள். மெக்சிகோ எல்லையில் இது நன்றாகத் தெரிந்தது. ஒரு காலத்தில் அறுவடைக்குப் போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஆண்கள், காவல் கடுமையானதும் திரும்பிப் போவதை நிறுத்தினார்கள். போனால் மறுபடி வர முடியாதே. குடும்பத்தையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டார்கள். அவர்களிடம் காகிதம் இல்லை, உங்கள் அண்ணனிடம் எல்லாக் காகிதமும் இருக்கிறது. ஆனாலும் அப்பாவின் காரியத்துக்கு அவரால் வர முடியவில்லை.

கடைசியாக, என் கட்டுரையில் நீங்கள் ஏற்றுக்கொண்ட இலங்கை விஷயம். ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு பாட்டியை எனக்கு நெடுநாளாகத் தெரியும். காப்பித் தோட்டத்தில் பழம் எடுத்துப் பிழைத்தவர். அவருடைய தாத்தா ராசிபுரத்துப் பக்கத்திலிருந்து போனவர். பாட்டி பிறந்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் இலங்கையில் ஹட்டன் பக்கத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். 1948இல் இலங்கை கொண்டுவந்த சட்டம் பிரஜாவுரிமைக்கு அப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் பதிவு எழுதி வைத்தார்கள்? 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டு தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களில் பெரும்பாலோர் அடுத்த தேர்தலில் வாக்காளர்களே இல்லை. 1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டார்கள்.

பாட்டி ஒரு பிஸ்கட் டின்னில் கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையை வைத்திருக்கிறார். ஓரம் எல்லாம் நைந்துவிட்டது. குடும்பமாக எடுத்த போட்டோவில் மடியிலிருக்கும் குழந்தையின் முகத்தின்மேல் பாதி முத்திரை விழுந்திருக்கிறது. லேமினேட் செய்து தரட்டுமா என்று கேட்டேன். “வேணாம் தம்பி, சீல் தெரியாமப் போயிட்டா என்ன பண்றது?” என்றார். ஆதார் இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது, ரேஷன் வாங்குகிறார். அந்த அட்டையை இனி யாரும் கேட்கப்போவதில்லை என்று சொன்னாலும் அவருக்கு நம்பிக்கை வராது. இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தது நீங்களா என்று கேட்டபோது, “மாமனார் எழுதினாரு. எங்கள யாரு கேட்டா?” என்றார். மச்சினன் குடும்பம் இலங்கைப் பட்டியலில் விழுந்தது. அடுத்தடுத்த காம்பராவில் (லயத்து அறையில்) இருந்த அண்ணன் தம்பி, அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பாட்டி குடும்பத்தையும் உங்கள் குடும்பத்தையும் நான் சமம் என்று சொல்லவில்லை. உங்கள் அண்ணனுக்குப் படிப்பு இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, திரும்பி வர வீடு இருக்கிறது. ஒரே கணக்கில் எழுதியதற்குக் காரணம் உங்கள் அண்ணன் மகள்.

அந்தப் பெண்ணுக்கு 21 முடிந்தால் அப்பாவின் விசாவில் தொடர முடியாது. கிரீன் கார்டு வரிசையிலிருந்தும் பெரும்பாலும் விழுந்துவிடுவாள். தனியாக மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பும் எண்ணம் உண்டு என்று அதற்குக் காட்ட வேண்டும். சொந்த நாட்டு விலாசமாக அவள் எழுதப்போவது உங்கள் அம்மாப்பேட்டை வீட்டை. நாலு வயதில் விட்டுப்போன வீட்டை. இதில் அந்தக் குழந்தை செய்த தப்பு என்ன?

இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. விண்ணப்பம் நிலுவையில் இருந்த நாட்களைச் சில சமயம் வயதிலிருந்து கழிக்க ஒரு சட்டம் அங்கே இருக்கிறது. அவளுக்கு அது பொருந்துமா என்று குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் இப்போதே கேட்கச் சொல்லுங்கள். மாணவர் விசாவுக்கான வேலையையும் கடைசி நேரத்துக்கு விடாமல் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அப்பாவின் பெயரில் இருக்கும் வீட்டுப் பத்திரத்தின் நகலை அண்ணனுக்கு அனுப்பி வையுங்கள்; திரும்ப ஓர் இடம் உண்டு என்பதற்குச் சில சமயம் அதையும் கேட்கிறார்கள்.

அன்புடன்.