சிறிய குளிர்சாதனப் பெட்டியின் குமிழை எந்த இலக்கத்தில் வைக்க வேண்டும்?

1 முதல் 7 வரை இலக்கமிட்ட குமிழுள்ள சிறிய குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வாங்கியிருப்பதாகவும், 4இல் வைத்தால் கதவோரத்துப் பால் புளிக்கிறது, 7இல் வைத்தால் மேல்தட்டுத் தக்காளி உறைகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிளிநொச்சியில் தகரக் கூரை வீட்டில் இத்தகைய பெட்டியோடு ஆறு ஆண்டுகளாகக் காலந்தள்ளுபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அந்த இலக்கங்கள் பாகைகளைக் குறிப்பன அல்ல. இலக்கம் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான். இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் வெப்பநிலையை உணரும் மெல்லிய குழாய், மேலே பனி பிடிக்கும் தகட்டோடு ஒட்டியே இருப்பதால், குமிழுக்குத் தெரிவது தகட்டின் குளிர் மட்டுமே; கதவோரத்துப் பாற்போத்தலின் நிலை அதற்குத் தெரியாது. சித்திரை வெயிலில் அறை 35 பாகையைத் தாண்டும்போது, தகட்டில் பனி படர்ந்திருக்கையிலேயே கதவுத் தட்டு 10 பாகையில் நிற்கக்கூடும். உங்கள் பாலும் தக்காளியும் எதிரெதிராகக் கெடுவது இதனால்தான்.

ஆகவே இலக்கத்தை விட்டுவிட்டு 4 பாகை செல்சியஸைத் தேடுங்கள். அதற்கு மேலே போகப் போக உணவில் கிருமிகள் விரைவாகப் பெருகும். பூச்சியத்துக்குக் கீழே போனால் காய்கறி உறையும். குளிரை அளக்கும் வெப்பமானி ஒன்றை (காய்ச்சல் பார்ப்பது உதவாது, அது இவ்வளவு குளிரைக் காட்டாது) ஒரு குவளைத் தண்ணீரில் இட்டு நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்து, காலையில் கதவைத் திறந்தவுடன் பாருங்கள். கதவு திறந்ததும் உள்ளே காற்று சூடேறிவிடும், தண்ணீர் அவ்வளவு விரைவில் மாறாது. குமிழை ஒரு படி மாற்றினால் மறுபடி அளப்பதற்கு ஒரு நாள் பொறுங்கள்.

நான் அந்தப் பொறுமையைக் கற்றது அம்மாவின் இன்சுலினால். அது 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டிய மருந்து. பங்குனி மாதத்து ஒரு பகல், பெட்டி போதிய குளிராக இல்லை என்று எண்ணிக் குமிழை 7க்குத் திருப்பிவிட்டு, குப்பிகளைத் தகட்டுக்கு அருகில் வைத்தேன். இரவு மழை பெய்து அறை குளிர்ந்தது. விடியும்போது இரண்டு குப்பிகளும் உறைந்திருந்தன. உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது என்பதால் இரண்டையும் எறிந்தோம். மின்சாரமே இல்லாத காலத்தில் ஈர மணலிட்ட மண்பானைக்குள் வைத்து மருந்தைக் காத்தவர் அம்மா. அன்று அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியைத்தான் ஒரு பார்வை பார்த்தார். இப்போது குப்பிகள் ஒரு மூடிய டப்பாவில் நடுத்தட்டில் இருக்கின்றன. வெயில் காலத்தில் குமிழ் 5இல், கார்த்திகை மழை தொடங்கியதும் 3இல். இவை என் பெட்டிக்குரிய எண்கள், உங்களுடையதை அளந்தே அறிய வேண்டும்.

தகட்டில் பனி அரை சென்ரிமீற்றர் தடித்துவிட்டால் அதுவே குளிரைத் தடுக்கும் போர்வையாகிவிடும். மின்சாரத்தை நிறுத்தி உருக விடுங்கள். கத்தியால் சுரண்டினால் வாயுக் குழாய் துளைபடும். பின்புறம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் 4 பாகை வரவில்லையென்றால், பெட்டியின் விபரத் தகட்டைப் பாருங்கள். காலநிலை வகுப்பு ‘என்’ (N) என்றிருந்தால் அது 32 பாகை வரையான அறைக்கே உரியது, ‘ரி’ (T) என்றிருந்தால் 43 வரை தாங்கும். கொம்பிரசரே இல்லாத மிகச் சிறிய வகையாயின், அறையைவிட ஏறத்தாழ 15 முதல் 20 பாகைதான் குறைக்க வல்லது. நமது வெயிலுக்குள் அதன் குமிழை எங்கே திருப்பினாலும் பால் புளிக்கும், உத்தரவாதக் காலம் முடியுமுன் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.