புகைப்பவருக்குப் பல் இம்பிளான்ட் நிலைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 52. கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்து ஒரு வருடம் ஆகிறது. இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாம் என்று பல் மருத்துவரிடம் போனேன். நாளொன்றுக்கு 15 சிகரெட் பிடிப்பேன் என்று சொன்னதும், முதலில் அதை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். சிகரெட் நுரையீரலைக் கெடுக்கும் என்பது தெரியும். தாடையில் வைக்கும் திருகுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? வேறு மருத்துவரிடம் போகலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: உங்களைத் திருப்பி அனுப்பியவர் சரியானதைத்தான் செய்திருக்கிறார். கேட்டதும் நாள் குறித்துக் கொடுக்கும் இன்னொருவரைத் தேடிப் போவதைவிட, அவரிடமே திரும்பிச் செல்வது உங்களுக்கு நல்லது என்றே சொல்வேன்.

இழந்த பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பொருத்தும் இம்பிளான்ட் என்பது மரத்தில் முடுக்கிய திருகைப்போல இறுக்கத்தால் மட்டும் நிற்கும் பொருள் அல்ல. சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க், டைட்டானியம் உலோகத்தோடு உயிருள்ள எலும்பு நேரடியாக ஒட்டி வளர்கிறது என்பதை 1950களில் முயல்களிடம் நடத்திய ஆய்வின்போது கண்டார். 1965இல் முதன்முறையாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியம் பல்வேர்களைப் பொருத்தினார். இன்று உலகெங்கும் நடைபெறும் இம்பிளான்ட் சிகிச்சை அந்த ஒட்டுதலையே நம்பியிருக்கிறது. திருகைப் பொருத்திய அன்று அதைப் பிடித்திருப்பது பழைய எலும்பின் இறுக்கம் மட்டுமே. அடுத்து வரும் வாரங்களில் அந்தப் பழைய எலும்பின் ஓரங்களை உடல் கரைத்துவிட்டு, அவ்விடத்தில் புதிய எலும்பை உருவாக்குகிறது. பழைய பிடி தளர்ந்து புதிய பிடி இன்னும் உறுதிப்படாத மூன்றாவது, நான்காவது வாரங்களில்தான் இம்பிளான்ட் மிகவும் பலவீனமாக இருக்கும். வெளியே ஈறு ஆறி, வலியும் நின்று, எல்லாம் முடிந்துவிட்டது என்று நோயாளி எண்ணுவதும் அதே காலத்தில்தான்.

புதிய எலும்பு உருவாக வேண்டுமானால் அவ்விடத்துக்கு நுண்ணிய இரத்தக் குழாய்கள் புதிதாக வளர்ந்து வர வேண்டும். அவற்றின் வழியாக ஆக்சிஜனும், கிருமிகளை அழிக்கும் வெள்ளணுக்களும், எலும்பைக் கட்டும் செல்களும் வந்து சேர வேண்டும். சிகரெட் புகை இவை ஒவ்வொன்றையும் தடுக்கிறது. நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைக் காட்டிலும் சுமார் 200 மடங்கு வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால், வந்து சேரும் கொஞ்ச இரத்தமும் ஆக்சிஜன் குறைந்ததாகவே இருக்கிறது. புகையிலுள்ள ஹைட்ரஜன் சயனைடு, அந்தச் சிறிதளவு ஆக்சிஜனையும் செல்கள் பயன்படுத்த விடாமல் செய்கிறது. இதற்கு மேல் வெள்ளணுக்களின் வேகமும் மந்தமாகிவிடுகிறது. ஏழாம் நாள் தையல் பிரிக்க வரும்போதே பலரிடம் இதைக் கண்ணால் பார்க்கலாம்: புகைக்காதவரின் ஈற்று ஓரங்கள் இளஞ்சிவப்பாக ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும், தொடர்ந்து புகைத்தவரின் ஓரங்கள் வெளிறி, சில சமயம் தையலுக்கு நடுவே சற்றே பிளந்தும் இருக்கும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1993இல் பெய்ன், மோய் என்ற இரு மருத்துவர்கள், 540 நோயாளிகளுக்கு வைத்த 2,194 இம்பிளான்ட்களை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கில், புகைக்காதவர்களிடம் 4.76 சதவீதமும், புகைப்பவர்களிடம் 11.28 சதவீதமும் தோல்வியடைந்திருந்தன. அதன்பின் வெளிவந்த ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், புகைப்பவர்களுக்குத் தோல்வி ஏறக்குறைய இரு மடங்கு என்ற முடிவே கிடைத்தது. நூற்றுக்கு 88 நின்றிருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்விதான். ஆனால் தோற்ற ஒரு இம்பிளான்ட் தனியாகப் போவதில்லை, சுற்றியிருந்த எலும்பையும் கொண்டுபோகிறது. அடுத்த முறை அதே இடத்தில் வைக்க வேண்டுமானால், முதலில் எலும்பு ஒட்டு வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, இன்னொரு முறை செலவும் செய்ய வேண்டிவரும். உங்களுக்குக் கீழ்த்தாடை என்பதால் எலும்பு கெட்டியாக இருக்க வாய்ப்புண்டு, வயதும் தடையில்லை. மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரே குறை சிகரெட்தான் என்னும்போது, அதை அப்படியே வைத்துக்கொண்டு சிகிச்சைக்குப் போவானேன்?

கேள்வி: அறுவை சிகிச்சைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும்? பிறகு எப்போது மீண்டும் தொடங்கலாம்? இடையில் நிகோடின் சூயிங்கம் மெல்லலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: குறைந்தபட்சம் ஒரு வாரம் முன்பும், பிறகு எட்டு வாரமும் என்பது பல் மருத்துவர்கள் பலர் பின்பற்றும் கணக்கு. மேலே சொன்ன பெய்ன் 1996இல் இதே கணக்கை நோயாளிகளிடம் பின்பற்றச் செய்து பார்த்தார். சொன்னபடி நிறுத்தியவர்களின் தோல்வி விகிதம், தொடர்ந்து புகைத்தவர்களுடையதைவிட வெகுவாகக் குறைந்து, புகைக்காதவர்களின் விகிதத்தை நெருங்கியது. சிறிய ஆய்வுதான் என்றாலும், புகைப்பவருக்கு நம்பிக்கை தரும் செய்தி இது. பல ஆண்டுகள் புகைத்த தாடை என்பதால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மட்டும் நிறுத்துவது போதாது. கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் இரத்தத்திலிருந்து போய்விடும். நிகோடினும் வெகுநாள் தங்குவதில்லை. ஆனால் சுருங்கிப் பழகிய இரத்த ஓட்டமும், மந்தமான வெள்ளணுக்களும் தேறுவதற்கு வாரங்கள் ஆகும். ஆகவே ஒரு வாரம் என்பதைக் குறைந்த அளவு என்று மட்டும் கொள்ளுங்கள். ஒரு மாதம் முன்பே நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது. பின்பக்கக் கணக்கு எட்டு வாரம் என்று இருப்பதற்குக் காரணம், முன் பதிலில் சொன்ன பலவீனமான வாரங்களைக் கடந்து, புதிய எலும்பு ஓரளவு பிடித்துக்கொள்ள அவ்வளவு காலம் ஆகும் என்பதே. முதல் சில நாட்களில் புகையை இழுக்கும்போது வாய்க்குள் ஏற்படும் உறிஞ்சும் விசையே காயத்தில் உறைந்த இரத்தத்தை அசைத்துவிடக்கூடும் என்பதால், சாப்பாட்டுக்குப் பின் ஒன்றே ஒன்று என்ற சலுகையையும் உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளாதீர்கள்.

நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை ஆகியவற்றிலும் நிகோடின் இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றில் கார்பன் மோனாக்சைடோ, சயனைடோ, சூடான புகையோ இல்லை; மீண்டும் சிகரெட்டுக்குத் திரும்புவதோடு ஒப்பிட்டால் இவை எவ்வளவோ மேல். காயம் ஆறும்வரை மெல்லுவதைத் தவிர்த்து, தோலில் ஒட்டும் பட்டையைப் பயன்படுத்தலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மத்திய அரசின் 1800-112-356 என்ற கட்டணமில்லா எண்ணில், புகையிலையை நிறுத்த விரும்புபவர்களுக்கு ஆலோசனை கிடைக்கும். எட்டு வாரம் முடிந்ததும் எப்போது தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தொடங்காமல் இருப்பதே நான் தரக்கூடிய பதில். அதற்கான காரணம் மூன்றாவதாக வரும் கேள்வியில் இருக்கிறது.

கேள்வி: எனக்கு இம்பிளான்ட் வைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அப்போது புகைப்பதை நிறுத்தியிருந்தேன். இப்போது தினமும் ஐந்தாறு சிகரெட் பிடிக்கிறேன். ஈற்றில் இரத்தமோ வலியோ இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: இரத்தம் வரவில்லை என்பதை வைத்து அப்படி முடிவு செய்துவிட முடியாது. புகைப்பவர்களின் ஈற்றில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருப்பதால், உள்ளே வீக்கம் இருந்தாலும் இரத்தக் கசிவு என்ற முதல் எச்சரிக்கை தெரியாமல் போய்விடுகிறது. இயற்கைப் பல்லைச் சுற்றி, அதை எலும்போடு இணைக்கும் நார்த்திசு உண்டு; இம்பிளான்டுக்கு அது கிடையாது. அதனால் ஈற்றில் தொடங்கும் அழற்சி எலும்பை எட்டுவதற்கு வழி குறுகியது. எலும்பு பாதிவரை கரைந்த பிறகும் வலிக்காமல், அசையாமல், வழக்கம்போல மென்று சாப்பிடும் இம்பிளான்ட்களை எக்ஸ்ரேயில் பார்க்க நேர்வது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் முன்பே வந்திருந்தால் அவற்றில் பலவற்றைக் காப்பாற்றியிருக்க முடியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இயன்றால் நான்கு மாதத்துக்கு ஒரு முறை, சுத்தம் செய்துகொள்ளுங்கள். ஈற்றுக்கும் இம்பிளான்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கின் ஆழத்தை மெல்லிய அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். இம்பிளான்ட் வைத்தபோது எடுத்த எக்ஸ்ரேயைத் தேடி எடுத்துச் சென்று, புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஐந்தாறையும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் புகைப்பதில்லை. ஆனால் வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுவார். வேலை நேரத்தில் புகையிலைத் தூளை உதட்டுக்குள் அடக்கிக்கொள்வார். புகை இல்லாததால் இம்பிளான்டுக்குப் பிரச்சினை வராது என்கிறார். சரியா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு நன்றி, அம்மா. 2016-17இல் நம் நாட்டில் எடுக்கப்பட்ட புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், மெல்லும் புகையிலை போன்ற புகையற்ற வகையைப் பயன்படுத்துவோர் 21.4 சதவீதம். அப்படியிருந்தும் இம்பிளான்ட் பற்றிய பேச்சில் சிகரெட்டை மட்டுமே விசாரிக்கிறோம்.

அடக்கி வைக்கும் புகையிலையிலிருந்து நிகோடின் வாயின் சவ்வு வழியாக நேரடியாக இரத்தத்தில் கலக்கிறது. அடக்கிய இடத்தில் ஈறு இறங்கிப் பல்வேர் தெரிவதும் உண்டு. பாக்கு வேறொரு தொல்லையையும் தருகிறது. ஆண்டுக்கணக்கில் பாக்கு மெல்லுவோரின் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி, வாய் திறப்பது மெல்ல மெல்லக் குறையும். உங்கள் கணவரை வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரல்களையே நெடுக்காக அடுக்கி, மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால், கடைவாயில் துளையிடும் கருவியை நுழைப்பதற்கே இடம் போதாமல் போகலாம். அதைவிட முக்கியமாக, அந்த இறுக்கமும், வாயில் காணும் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் ஆகியவையும் புற்றுநோய்க்கு முன்னோடியாக இருக்கக்கூடும். இவற்றில் ஒன்று இருந்தாலும் இம்பிளான்ட் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த வாரமே வாய் முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடமோ, அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரியிலோ காட்டுங்கள்.

கேள்வி: மேல்தாடையில் எலும்பு குறைவாக இருப்பதால், அதற்கு மேலே இருக்கும் சைனஸ் என்ற காற்றறையின் அடிப்பகுதியை உயர்த்தி, எலும்பு ஒட்டு வைக்க வேண்டும் என்கிறார்கள். நான் முப்பது ஆண்டுகளாகப் பீடி குடிப்பவன். முயன்றும் நிறுத்த முடியவில்லை. என்ன செய்வது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள், உங்கள் மருத்துவரிடமும் இதையே சொல்லுங்கள். மேல்தாடையின் பின்பகுதி எலும்பு இயல்பிலேயே மென்மையானது. அங்கு வைக்கும் ஒட்டு, சுற்றிலுமிருந்து இரத்தக் குழாய்கள் வளர்ந்து அதற்குள் நுழைந்தால்தான் உயிர்பெறும். புகைப்பவருக்குத் தோல்வி வாய்ப்பு அதிகமுள்ள இடங்களில் இது முக்கியமானது. பீடி இலையில் சுற்றியது என்பதால் சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. நிறுத்த முடியாதவரை இந்தச் சிகிச்சையைத் தள்ளிவைப்பதே நல்லது. அதுவரை பல் இல்லாமல் இருக்க வேண்டியதில்லை: கழற்றி மாட்டும் பகுதிப் பல்செட் இருக்கிறது, இடைவெளிக்கு இருபுறமும் உறுதியான பற்கள் இருந்தால், அவற்றைச் செதுக்கி, அவை தாங்கும்படி நடுவில் செயற்கைப் பல் வைத்துப் பாலம் (பிரிட்ஜ்) கட்டும் முறையும் இருக்கிறது. பாலத்துக்காகச் செதுக்கிய பல் மீண்டும் பழையபடி ஆகாது என்பதால், முதலில் பல்செட்டையே தேர்ந்தெடுங்கள். பீடியை நிறுத்த மருந்துகளும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேளுங்கள். மூன்று மாதம் புகைக்காமல் இருக்க முடிந்தால், புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் செல்லுங்கள். அப்போதும் சைனஸ் உயர்த்துவது தேவைப்படும், ஆனால் ஒட்டு பிடிப்பதற்கான வாய்ப்பு இன்றிருப்பதைவிடக் கூடியிருக்கும்.