"எங்க போடணும்?" என்று கேட்ட அத்தை

கேள்வி: காரைக்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டை விற்கப் போகிறோம். அதற்கு முன் வீட்டைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போடுகிறோம். அதில் அப்பத்தாவைப் பற்றி எழுதுவது என் பொறுப்பு. 1964-இல் ஐயா (தாத்தா) பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்தபின் குடும்பத்தைக் காப்பாற்றியவர் அப்பத்தாதான். ஆனால் அந்த வருஷமே அத்தையை எட்டாவதோடு நிறுத்தியவரும் அவர்தான். பிறகு அத்தை இருபத்து மூன்று வயதில் கணவரை இழந்து திரும்பி வந்தபோது, அத்தையின் வைரத்தோட்டை விற்று என் அப்பாவை இன்ஜினீயரிங் சேர்த்தவரும் அப்பத்தாதான். உறவில் எல்லோரும் அப்பத்தாவைக் கல்நெஞ்சக்காரி என்கிறார்கள். என்னால் அவரை வெறுக்க முடியவில்லை. எப்படி எழுதுவது? அத்தை இப்போதும் அந்த வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில்தான் இருக்கிறார். நாங்கள் போனால் வெள்ளைப் பணியாரம் சுட்டுத் தருவார். வீட்டு விஷயத்தில் அவரால் தொந்தரவு இல்லை. தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டியதும், "எங்க போடணும்?" என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.
– பெயர் வேண்டாம், சென்னை. (கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்: அப்பத்தாவுக்கு மூன்று பக்கம் எழுதிய நீங்கள் அத்தைக்குக் கடைசியில் நாலு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த நாலு வரியைத்தான்.

அப்பத்தா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பர்மா அரசு 1963-இல் வங்கிகளை எடுத்துக்கொண்டது, 1964-இல் கடைகளை. அதே வருஷம் 50, 100 கியாத் நோட்டுகளும் செல்லாமல் போயின. அப்படித் திரும்பி வந்து முகப்பில் உட்கார்ந்தவர்களில் சிலர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. உள்ளே உலை கொதிப்பது ஆச்சிமார் பாடு. வட்டிக் கணக்கை மனசுக்குள்ளேயே போடுவார்கள், சாவிக்கொத்து இடுப்பில் இருக்கும். ஆனால் வீடும் நிலமும் ஆண்கள் பெயரில். ஒரு தேக்குத் தூணை விற்பதென்றாலும் பங்காளிகளைக் கேட்க வேண்டும். யாரையும் கேட்காமல் உங்கள் அப்பத்தா கைவைக்க முடிந்தது எதில்? மகளுடைய படிப்பில், மகளுடைய காதில். அவர் செய்தது அநியாயம். ஏன் செய்தார் என்பது எனக்குப் புரிகிறது. புரிந்தும் அது அநியாயம்தான். இரண்டையும் எழுதுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

இனி அந்தக் கையெழுத்துக்கு வருகிறேன்.

"தொந்தரவு இல்லை" என்கிறீர்கள். எப்படி இருக்கும்? தொந்தரவு செய்யாமல் இருப்பதற்குத்தானே பதினாலு வயசிலிருந்து அவரைப் பழக்கியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் வேண்டாம் என்றபோது தலையை ஆட்டியிருப்பார். தோட்டைக் கழற்றச் சொன்னபோதும் "எங்க வைக்கணும்?" என்றுதான் கேட்டிருப்பார். இப்போது பத்திரம். அதற்கு 'விடுதலை' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!

1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் போனால் அவர் பங்கில் மகனைப் போல மகளுக்கும் உண்டு. ஆனால் அதன் 23-ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகளாகப் பார்த்துப் பிரித்துக்கொள்ளும்வரை பெண் பாகம் கேட்க முடியாது என்றது. விதவை மகள் அங்கே குடியிருந்துகொள்ளலாம், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 1989-இல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை வந்தது. அதிலும் முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டார்கள். 2005-இல் வந்த மத்திய அரசின் திருத்தம்தான் இரண்டு தடையையும் எடுத்தது. உங்கள் அத்தைக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். அதுவரை அவரை இரண்டாம் கட்டில் உட்கார வைத்தது சட்டம். இந்த இருபது வருஷமாக உட்கார வைத்திருப்பது நீங்கள்.

அப்பத்தாவுக்கு வேறு வழியில்லை என்று உருகுகிறீர்கள், சரி. உங்கள் அப்பாவுக்கு என்ன வழியில்லை? அக்காவின் தோட்டில் படித்து, வேலை பார்த்து, உங்களையும் படிக்க வைத்தவர் அக்காவிடம் கையெழுத்து வாங்குகிறார்! எனக்கு இதில் பழைய புத்திதான். கூடப்பிறந்தவன் சீர் கொண்டு போகிறவன். அக்காவுக்கு முன்னால் பத்திரத்தை நீட்டுகிறவனுக்கு அந்தப் பெயர் எதற்கு? சீதனம் பெண்ணுடைய சொத்து. தாயாரே எடுத்தாலும் கடன் கடன்தான், அந்தக் கடனில் படித்தவர் உங்கள் அப்பா. அந்தப் படிப்பில் வளர்ந்த நீங்களும் "அப்பா செய்தது, எனக்கென்ன" என்று ஒதுங்க முடியாது.

உங்கள் கடிதத்தில் நான் இன்னொன்றையும் தேடினேன். வீட்டை விற்றபின் அத்தை எங்கே இருப்பார்? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பத்தா தோட்டைத்தான் எடுத்தார், இரண்டாம் கட்டையாவது விட்டுவைத்தார்.

வீடு இன்னும் கைமாறவில்லை என்று தெரிகிறது. முதலில் பத்திரத்தின் நகலை வாங்குங்கள். ஒரு நல்ல சிவில் வக்கீலைப் பாருங்கள். உங்கள் அப்பாவின் வக்கீல் வேண்டாம், அத்தைக்கென்று தனியாக ஒருவர். விற்கிற பணத்தில் அவர் பங்கு அவர் பெயரில் வங்கிக்குப் போகட்டும். தோட்டுக்கு இன்றைய வைர விலையைக் கணக்குப் போட்டு அதையும் சேர்க்கச் சொல்லி உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். கோபப்படுவார், படட்டும். புத்தகம் காத்திருக்கும்.

இந்த முறை ஊருக்குப் போனால் பணியாரத்தைச் சாப்பிட்டுவிட்டு வண்டியேறாதீர்கள். அன்றைக்கு அடுப்படி உங்கள் பொறுப்பு. அத்தையை முகப்பில் உட்கார வைத்து, கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, பத்திரத்தை முதல் வரியிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். பத்திரத் தமிழ் கொஞ்சம் முரடு, எட்டாவதோடு நின்றவருக்கு நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தாமல் பக்கத்தில் இருங்கள்.