பாதி பில் ஆகுமென்றால் தவணையில் ஹீட்டர் வாங்கலாமா?

கேள்வி: வாடகை வீட்டில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா என ஐந்து பேர் இருக்கிறோம். வீடு கேஸ் பாய்லரில்தான் சூடாகிறது. இந்தக் குளிர்காலத்தில் கேஸ் பில் போன வருடத்தைப் போல ஒன்றரை மடங்கு. மின்சார ஹீட்டர் வாங்கினால் பில் பாதியாகும் என்கிறது ஒரு விளம்பரம். 12 மாதத் தவணையில் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பில் ஏறியிருக்கிற நேரத்தில் அதன் மேல் ஒரு தவணையையும் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

விளம்பரம் என்ன சொன்னாலும், கம்பிச்சுருளைச் சூடாக்கும் எந்த ஹீட்டரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். விலை கூடிய ஹீட்டருக்கும் அதே கணக்குதான். 1500 வாட் ஹீட்டர் நிற்காமல் 8 மணி நேரம் ஓடினால் 12 யூனிட் போய்விடும். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவில் சுமார் 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. பாய்லரில் வீணாவது போக 8 யூனிட்டாவது வீட்டுக்குள் வரும். உங்கள் பில்லில் உள்ள கன மீட்டர் விலையை எட்டால் வகுத்துப் பாருங்கள். மின்சார யூனிட் விலை அதைவிட அதிகம் என்றால், வீடு முழுக்க ஹீட்டர் போடுவது நஷ்டம். எல்லோரும் ஒரே அறையில் இருக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மட்டும் என்றால் அது வேறு கதை.

அடுத்து, போன வருடப் பில்லையும் இந்த வருடப் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தொகையை விடுங்கள், எவ்வளவு கேஸ் எரிந்தது என்ற யூனிட்டைப் பாருங்கள். யூனிட் அதேதான், தொகை மட்டும் கூடியிருக்கிறது என்றால் கட்டணம் ஏறியிருக்கிறது. வேறு திட்டம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். மீட்டரைப் படிக்காமல் உத்தேசமாகப் போட்ட ரீடிங்கா என்பதையும் பாருங்கள். அப்படியென்றால் மீட்டரைப் படமெடுத்து அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். யூனிட்டே கூடியிருந்தால் வெப்பம் எங்கோ வெளியே போகிறது, அல்லது குளிர் கடுமை.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு ஊதுவத்தி போதும். காற்றடிக்கும் நாளில் கொளுத்தி, ஜன்னல் சட்டம், வாசற்படி, குழாய் சுவருக்குள் நுழையும் இடம் என்று திரைச்சீலையில் படாமல் மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை சாயும் இடத்தில் ஓட்டை. ரப்பர் பட்டையும் கதவடித் தடுப்பும் மலிவானவை, வீடு மாறினாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் காற்றோட்டத்துக்கென்றே வைத்த துவாரங்களை அடைக்காதீர்கள். கேஸ் எரியும் வீட்டில் அது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு ஆபத்து. சூடு வேண்டி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு உட்காருவதும் அப்படித்தான்.

அறைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் 1 டிகிரி குறைத்தால் வெப்பச் செலவு பொதுவாக 5 முதல் 10 சதவீதம் குறையும். ஆளில்லாத நேரத்தில் இன்னும் தாராளமாகக் குறைக்கலாம். நாள் முழுக்க மிதமாக ஓடவிட்டால்தான் மிச்சம் என்பார்கள். நம்பாதீர்கள். உள்ளே எவ்வளவு நேரம் சூடாக இருக்கிறதோ, அவ்வளவு நேரமும் வெப்பம் வெளியே கசிந்துகொண்டுதான் இருக்கும். பாய்லர் கண்டென்சிங் வகை (புகையோடு போகும் வெப்பத்தையும் மீட்பது) என்றால், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 60 டிகிரிக்குக் குறைத்துப் பாருங்கள். குழாயில் வரும் வெந்நீருக்கான அமைப்பைத் தொட வேண்டாம்.

அம்மா இருக்கும் அறையில் மட்டும் கஞ்சம் கூடாது. 18 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டுமென்றால் கொடுங்கள். மிச்சத்தை மற்ற அறைகளில் பிடியுங்கள்.

அப்புறம், கூரை வழியே வெப்பம் போகாமல் காப்பு போடுவது, ஜன்னல் மாற்றுவது எல்லாம் பொதுவாக வீட்டுக்காரர் செலவு. உங்கள் கைக்காசைப் போடாதீர்கள். பில் நகலோடு அவருக்கு எழுத்தில் கேளுங்கள். ஆண்டுத் தொகையை 12 சம பங்காகக் கட்டும் வசதி இருக்கிறதா என்று கேஸ் கம்பெனியிலும் விசாரித்துவிடுங்கள். வட்டியில்லாமல் இந்த மாதச் சுமை குறையும்.