படைத்தலைவர்களின் ஓவியங்களைப் பார்த்தவுடன் அதிகாரம் தெரிகிறதே, எப்படி?

யாழ்ப்பாணத்தில் அந்தியேட்டிக்கும் ஆட்டைத்திவசத்துக்கும் இறந்தவர்களின் படம் கீறிக் கொடுப்பது என் தொழில். அதனால் எந்தப் படத்திலும் நான் முதலில் பார்ப்பது கண்மட்டத்தை. பார்க்கிறவருடைய கண், படத்தில் இருப்பவரின் நெஞ்சுக்குக் கீழே நிற்கும்படி வைத்தால் யாரும் ஒரு சாண் உயர்ந்து தெரிவார். குதிரையில் ஏற்றிவிட்டால் கேட்கவே வேண்டாம். நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரைமேல் இருக்கும் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியனின் சிலையை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இந்த வித்தையின் உச்சம், அல்ப்ஸ் மலையைக் கடக்கும் நெப்போலியனை ஷாக் லூயி டேவிட் கீறிய ஓவியம். 1800 மே மாதம் நெப்போலியன் அந்த மலைக் கணவாயைக் கடந்தது ஒரு கோவேறு கழுதையில். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் அதை நடத்திக்கொண்டு போனார். ஓவியத்திலோ முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரை! அது மிரண்டு கண்ணை உருட்டுகிறது, மேலங்கி காற்றில் பறக்கிறது, அவர் முகத்தில் மட்டும் ஒரு சலனமும் இல்லை. வலது கை மேலே காட்டுகிறது. பீரங்கி இழுக்கும் சிப்பாய்கள் குதிரையின் கால்களுக்குப் பின்னால் எறும்பளவில் தெரிகிறார்கள். கீழே பாறையில் போனபார்ட் என்ற பெயர், கூடவே அவருக்கு முன் படையோடு அல்ப்ஸைக் கடந்த ஹனிபாலும் சார்லமேனும். இவரை யாரோடு சேர்த்து நினைக்க வேண்டும் என்பதையும் ஓவியரே எழுதிக் கொடுத்துவிட்டார். இதே படத்தை அவர் 5 தடவை செய்திருக்கிறார்.

உடுப்பும் ஆயுதமும் வேறு வேலை செய்கின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கையில் அரசாங்க அதிகாரிகளாக இருந்த முதலியார்களின் படங்களில் பொன் தெறி வைத்த நீளக் கோட்டும் இடுப்பில் வாளும் இருக்கும். அந்த வாள் சண்டைக்கல்ல, அரசாங்கம் தந்த பதவியைக் காட்டத்தான். ஒரு பொருளே ஆளைச் சொல்லிவிடும் என்பது எங்களுக்குப் புதிதும் இல்லை: நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மூலஸ்தானத்தில் தேவசேனாபதியான முருகன் வேலாகத்தான் இருக்கிறார்.

சரி, எனக்கு மிகவும் பிடித்தது எது என்றால், ஸ்பானிய ஓவியர் கோயா 1812 இல் கீறத் தொடங்கிய, பிரித்தானியப் படைத்தலைவர் வெலிங்டனின் படம். புதிய விருதுகள் கிடைத்தபோது அதே படத்தில் பதக்கங்களைச் சேர்த்தார். 1814 இலும் கைவைத்தார். நெஞ்சு அப்படி நிறைந்திருக்கிறது. முகமோ களைத்து, வாய் இலேசாகத் திறந்தபடி இருக்கிறது. அந்தக் களைப்பைக் கோயா பூசி மறைக்கவில்லை. கேட்டுக் கீறுவிக்கும் படத்தில் அப்படி விடுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டையும் இணையத்தில் எடுத்துப் பாருங்கள். டேவிடின் படத்தில் குதிரையையும் மேலங்கியையும் கையால் மறைத்தால் மிஞ்சுவது ஓர் அழகான இளைஞன். கோயாவின் படத்தில் பதக்கங்களை மறைத்தாலும், படை நடத்திய மனிதன் அங்கேயே இருக்கிறான்.