மரபணு இருந்தும் இயங்காதது ஏன்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கல்லீரல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் ஒரே மரபணுக்கள்தான் என்றால், இரண்டும் வேறுபடுவது எப்படி?

பதில்: எந்த மரபணு படியெடுக்கப்படுகிறது, அதாவது புரதம் செய்வதற்கான ஆர்என்ஏ நகலாக எழுதப்படுகிறது, என்பதில்தான் வேறுபாடு. அல்புமின் புரதத்துக்கான மரபணு நரம்புச் செல்லிலும் உண்டு. அதைத் தூண்டும் புரதங்களின் கூட்டு கல்லீரலில்தான் அமைந்திருக்கிறது.

கேள்வி: எந்த மரபணு எப்போது தேவை என்பதை பாக்டீரியா எப்படி உணர்கிறது?

பதில்: இதற்கு முதல் தெளிவான விடையை, பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்தைச் சேர்ந்த பிரான்சுவா ஜேக்கபும் ஜாக் மோனோவும் 1961-இல் தந்தனர். ஈ.கோலை பாக்டீரியாவில், லாக்டோஸ் சர்க்கரையைச் சிதைக்கும் நொதிக்கான மரபணுவுக்கு முன்னுள்ள டிஎன்ஏ பகுதியில் ஓர் அடக்கிப் புரதம் ஒட்டிக்கொண்டு, படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸைச் செயல்படவிடாமல் தடுக்கிறது. லாக்டோஸ் உள்ளே வந்ததும், அதில் ஒரு பகுதி அல்லோலாக்டோஸ் என்ற சற்றே மாறிய சர்க்கரையாகி அடக்கிப் புரதத்துடன் இணைய, அதன் வடிவம் மாறி டிஎன்ஏவை விட்டு விலகுகிறது. இதில் நான் மிகவும் வியப்பது, தடை ஒருபோதும் முழுமையாக இருப்பதில்லை என்பதே: லாக்டோஸை உள்ளே கொண்டுவரும் புரதமும், அதை அல்லோலாக்டோஸாக மாற்றும் நொதியும் முன்கூட்டியே சில மூலக்கூறுகளாவது இல்லாவிட்டால், தடை நீங்க வழியே இல்லை. குளுக்கோஸ் தாராளமாகக் கிடைக்கும்போதோ, லாக்டோஸ் இருந்தாலும் இம்மரபணுக்கள் முழுவீச்சில் இயங்குவதில்லை.

கேள்வி: பால் குடித்தால் எனக்கு வயிறு உப்புகிறது. என் மரபணுவில் பழுதா?

பதில்: லாக்டோஸ் செரிக்காததே காரணம் என்றால், அது பழுதன்று. பால்குடிப் பருவத்துக்குப் பின், லாக்டோஸைச் செரிக்கும் நொதியான லாக்டேஸுக்குரிய மரபணுவின் இயக்கம் குறைவதே மனிதரில் பெரும்பாலோருக்கு இயல்பு. வளர்ந்த பின்னும் பாலைச் செரிக்கும் ஐரோப்பியரிடமும் வட இந்தியர் பலரிடமும்தான் ஒரு மாற்றம் காணப்படுகிறது. அதுவும் லாக்டேஸ் மரபணுவில் இல்லை. சுமார் 14,000 டிஎன்ஏ எழுத்துகள் தள்ளி, அண்டை மரபணுவுக்குள் இருக்கும் ஒற்றை எழுத்து மாற்றம் அது. உப்புசத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இந்த அறிவு சிகிச்சைக்குப் பயன்பட்டிருக்கிறதா?

பதில்: பயன்பட்டிருக்கிறது. கருவில் சுரக்கும் ஹீமோகுளோபினைப் பிறந்த பின் அடக்குவதில் பிசிஎல்11ஏ என்ற புரதத்துக்கு முக்கியப் பங்குண்டு. ஹீமோகுளோபின் மரபணுவில் உள்ள பிழையால் வரும் அரிவாள் செல் சோகை நோயாளியின் ரத்த மூலச்செல்களை எடுத்து, அப்புரதத்தின் மரபணுவைச் சிவப்பணு வழியில் ஊக்குவிக்கும் பகுதியை மட்டும், டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையில் சிதைத்து மீண்டும் செலுத்தினால், கரு ஹீமோகுளோபின் திரும்புகிறது. நோய்க்கு மூலமான பிழை அப்படியே இருந்தும் நோயின் கடுமை தணிகிறது. 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் இதற்கு ஒப்புதல் அளித்தன. அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர். இந்நோய் காணப்படும் நீலகிரிப் பழங்குடியினருக்கு எட்டும் அளவுக்கு அது குறைய வேண்டும்.